உறவினர்: எவருமில்லை

அத்தியாயம் 14

போன வாரம் முதலாளியம்மாவை ராணுவ முகாமின் வாசலில், அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். அவள் உடம்பு அன்றைக்கே வீடு வந்து சேர்ந்துவிட்டது. மனசு இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளியம்மா என்றதும் காரும் கழுத்து நிறைய நகையுமாக ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மொட்டை மாடி ஒழுகாமல் பூச்சு போடும் சின்னக் கம்பெனி ஒன்று அவள் பெயரில் பதிவாகியிருக்கிறது. வேலையாட்கள் கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. கணவன் கட்டட வேலை நடக்கும் இடத்தில் நின்று வேலை வாங்குகிறான். மாமனார் அந்தக் காலத்து மேஸ்திரி. இப்போது குறை சொல்லும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

முகாமுக்குள் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு வீடுகள் எழும்புகின்றன. ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தத்தை எடுத்து, மாடிப் பூச்சை மட்டும் இவர்களுக்கு சப் கான்ட்ராக்ட் கொடுத்திருக்கிறது. முன்பெல்லாம் இப்படிக் கைமாறிப் போகும் வேலையில் கடைசிக் கை யாருடையது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இப்போது விதி மாறிவிட்டது. உள்ளே என்ன கட்டுகிறார்கள் என்பது ராணுவ ரகசியமாக இருந்துவிட்டுப் போகட்டும், யார் கட்டுகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியட்டும் என்று, ஒவ்வொரு கம்பெனியும் எழுதிக் கொடுத்த விவரத்தை வாசலில் கண்ணாடிக்குள் ஒட்டி வைக்கிறார்கள். போகிறவர் வருகிறவர் யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம்.

அதில் முதலாளியம்மாவின் கம்பெனிக்குக் கீழே ஒரு வரி: "முகாமில் பணிபுரியும் உறவினர்: எவருமில்லை."

அந்த வரியைத்தான் போன வாரம் அவளுடைய நாத்தனார் நின்று படித்தாள். கண்ணாடி மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், பேசாமல் போய்விட்டாள். அவள் கணவன் அதே முகாமில் ஸ்டோர் கீப்பர். இவர்கள் அனுப்பும் பூச்சு டிரம்களைச் சரிபார்த்து உள்ளே எடுக்கிறவனே அவன்தான்.

அப்படியானால் ஏன் எவருமில்லை என்று எழுதினார்கள், ஏமாற்றுவதற்கா என்று கேட்பீர்கள். ஏமாற்றுகிற சாமர்த்தியமெல்லாம் அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. ஒரு காலத்தில் மாமனார் முகாமுக்குக் கொண்டுபோன சிமென்ட் லாரியை, மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, கட்டி தட்டியிருக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் திருப்பி அனுப்பினான் ஒரு பொடியன். அந்தப் பொடியன்தான் இந்த ஸ்டோர் கீப்பர். அவனையே மகள் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு மகளைத் தலைமுழுகியவர்தான். யார் கேட்டாலும் "எனக்கு ஒரே பிள்ளை, ஆம்பளப் பிள்ளை" என்பார். கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. படிவத்தை நிரப்பும்போதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மருமகள் எழுதினாள். உறவினர் என்ற இடத்தில் பேனா தயங்கியது.

"எவருமில்லைன்னு போடும்மா. இதுக்கென்ன யோசனை?" என்றார்.

போட்டாள். கீழே கையெழுத்தும் போட்டாள். இன்றைக்கு எல்லாக் கம்பெனிகளின் விவரத்தையும் ஊர் முன்னால் படித்து ஆட்சேபணை கேட்கும் பொது விசாரணை.

*

காலையில் முதல் போன் பெரிய கம்பெனியின் மேனேஜரிடமிருந்து.

"மேடம், கூட்டத்துக்குப் போறீங்கள்ல? சும்மா போய் உட்கார்ந்துட்டு வந்துடுங்க. பேரைப் படிப்பாங்க, ஆட்சேபணை உண்டான்னு கேட்பாங்க, யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. டீ குடுப்பாங்க, நல்லாவே இருக்கும்."

"எங்க விவரத்துல ஒரு தப்பு இருக்கு சார்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பை யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"அப்ப பார்க்கலைன்னு வச்சுக்கங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அவருக்குச் சிரிப்பு. இவளுக்குப் பிழைப்பு. விதி என்ன சொல்கிறது என்று அவள் தெளிவாகப் படித்து வைத்திருக்கிறாள். எழுதிக் கொடுத்தவர்களே எழுந்து திருத்தினால் அது திருத்தம். முடிவு வரும் வரை வேலை நிற்கும், அப்புறம் கிடைத்தாலும் கிடைக்கும். வேறொருவர் எழுந்து சொல்லிவிட்டால் அது பொய். ராணுவ வேலை எதிலும் அந்தக் கம்பெனி இனி தலைகாட்ட முடியாது. ராணுவ வேலையை விட்டால் இவர்களுக்கு வேறு பெரிய வேலை இல்லை.

கணவன் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்களும் வாங்களேன்" என்றாள்.

"ரெண்டாவது கட்டடத்து மாடியில தண்ணி கட்டியிருக்கு. நான் பார்க்க வேண்டாமா?"

பூச்சு காய்ந்ததும் மாடியில் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, கீழே கசிகிறதா என்று சில நாள் பார்ப்பார்கள். தண்ணீர் தன் பாட்டுக்கு நிற்கும். அதற்கு யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் பேச்சு தடிக்கும் போதெல்லாம் இந்த மனுஷனுக்கு எங்காவது ஒரு மாடியில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்.

"அவ உங்க தங்கச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சா போதுமா? நீங்க சொல்லலாம்ல அப்பாகிட்ட."

"நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றான் அவன், ஷூவைப் பார்த்தே. அப்புறம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். எதைச் சொன்னாலும் சம்மதம் என்கிற ஆளிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

உள்ளே மாமனார் கண்ணாடி முன்னால் நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முகத்தில் அப்படி ஒரு பொலிவு.

"ஏம்மா, நம்ம கம்பெனி பேரை மைக்குலயே படிப்பாங்களாமே?"

"படிப்பாங்க மாமா."

"ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பாலம், என்னென்னமோ கட்டியிருக்கேன். ஒண்ணுலயும் என் பேர் கிடையாது. எவனோ எடுப்பான், எவனோ குடுப்பான், மண்ணைக் கொழைக்கிறது நான். திறப்பு விழாவுக்கு வாட்ச்மேன் என்னை உள்ளே விட மாட்டேன்னுட்டான், தெரியுமா? இப்ப பாரு, வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான்."

தினமும் நடக்கப் போகிறேன் என்று கிளம்பி அவர் அந்தப் பலகை வரை போய் வருவது வீட்டுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். அதில் இருப்பது மருமகளின் பெயர்தான் என்றாலும் அவருக்கு அது தன் பெயர். அதை நினைக்கும்போதுதான் முதலாளியம்மாவுக்குச் சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"மாமா, உறவினர் யாருமில்லைன்னு எழுதினது தப்பு. இன்னிக்கு நாமளே சொல்லிடலாம்."

"என்ன தப்பு? எனக்கு மகள் கிடையாது. உள்ளதைத்தானே எழுதினோம்."

"அவ போன வாரம் வந்து படிச்சா மாமா. நான் பார்த்தேன்."

சட்டைப் பொத்தானில் இருந்த விரல் கொஞ்சம் நின்றது.

"படிக்க வச்சேன், படிச்சிருப்பா" என்றார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மருமகள் அதைச் சொல்லவில்லை.

*

கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மாமனாரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, முதலாளியம்மா கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாத்தனார் அங்கேதான் கம்பவுண்டர். இரும்பு மேஜை மேல் ஒரு கறுப்பு நாய், அதை மல்லுக்கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த நாத்தனார், தள்ளி நின்று "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று தன் பங்குக்குக் கத்திக்கொண்டிருந்த நாய்க்காரர்.

"வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பின்னங்காலைப் பிடிங்க அண்ணி" என்றாள் நாத்தனார், வாங்க என்றுகூடச் சொல்லாமல்.

முதலாளியம்மா பையைக் கீழே போட்டுவிட்டுப் பிடித்தாள். பேச வேண்டிய பேச்சை நாய்க்கு மேலேதான் பேச வேண்டியிருந்தது.

"என் மேல கோபமா?"

"கோபம் வந்தா சண்டை போட்டிருப்பேன்." நாத்தனார் ஊசி மருந்தை உறிஞ்சினாள். "வீட்டுக்குள்ள சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். சொந்தக்காரங்க வீட்ல சொன்னாங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். நீங்க ரோட்ல எழுதி ஒட்டிட்டீங்களே. அதுவும் உங்க கையெழுத்துப் போட்டு. நீங்க மட்டும்தான் அப்பப்ப வந்து பார்ப்பீங்க. எனக்குன்னு அந்த வீட்ல நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு நினைச்சேன்."

நாய் ஊசிக்குக் கத்தியது. முதலாளியம்மாவுக்குக் கண் நிறைந்தது. துடைக்கலாம் என்றால் கை இரண்டும் நாயின் காலில்.

"தப்புதான்டி" என்றாள்.

நாத்தனார் பஞ்சை வைத்துத் தேய்த்தாள். நாய்க்காரர் நாயைத் தூக்கிக்கொண்டு, ஊசி போட்டவளுக்குக்கூடச் சொல்லாத நன்றியை முதலாளியம்மாவுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

"என் வீட்டுக்காரர், படிவம் ஒட்டின அன்னிக்கே மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு வேற வேலைக்கு மாத்திக்கிறேன்னு நின்னார்" என்றாள் நாத்தனார், கையைக் கழுவிக்கொண்டே. "நான்தான் தடுத்தேன். எங்க அப்பா வாயால வரட்டும், கொஞ்சம் பொறுங்கன்னேன். அது என் புத்தி. இனிமே அவர் பொறுக்க மாட்டார். இன்னிக்குக் கூட்டத்துக்கு வர்றார். நீங்க யாரும் எந்திரிக்கலைன்னா அவர் எந்திரிப்பார்."

"அவர் எந்திரிச்சா எங்க கம்பெனி போச்சு."

"தெரியும். அதான் உங்ககிட்ட சொல்றேன். அண்ணன்கிட்ட சொன்னா மாடிக்கு ஓடிடுவான்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். வெளியே ஒரு ஆடு காத்துக்கொண்டிருந்தது.

*

பொதுக்கூடத்தில் நாற்காலிகள் நிறைய, ஆட்கள் கொஞ்சம். மேடையில் விசாரணை அதிகாரி. நடுத்தர வயதுப் பெண்மணி, அதட்டாமலே ஆளை உட்கார வைக்கும் குரல். பக்கத்தில் ஒரு டைப்பிஸ்ட். முன்வரிசையில் ஒரு பத்திரிகை நிருபர் தூங்கி வழிந்தார். மாமனாரும் முன்வரிசைதான். கடைசி வரிசையில் சீருடையில் ஸ்டோர் கீப்பர், முழங்கால் மேல் தொப்பியை வைத்துக்கொண்டு.

ஒவ்வொரு கம்பெனியாகப் படித்தார்கள். மண் நிரப்பியவர், கம்பி கட்டியவர், ஜன்னல் போட்டவர். ஆட்சேபணை உண்டா, இல்லை, அடுத்தது. மேனேஜர் சொன்ன மாதிரியே டீயும் வந்தது. குடிக்க முடியாமல் முதலாளியம்மா கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது, மாடித்தளப் பூச்சு" என்று அவர்களுடைய கம்பெனியின் பெயர் மைக்கில் கேட்டது. மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "நம்மளதுதான்" என்றார்.

"உறவினர் எவருமில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆட்சேபணை உண்டா?"

பின்னால் ஒரு நாற்காலி நகரும் சத்தம். முதலாளியம்மா டீயைச் சிந்திக்கொண்டே எழுந்துவிட்டாள்.

"ஆட்சேபணை இல்லைங்க, திருத்தம். எங்க விவரத்துல நானே ஒரு திருத்தம் சொல்லணும். முகாம் ஸ்டோர் கீப்பர் எங்க வீட்டு மாப்பிள்ளை."

நிருபர் விழித்துக்கொண்டார். மாமனார் திரும்பவே இல்லை. அவருடைய பிடரி மட்டும் சிவந்து போனது.

"முதல்லயே ஏன் எழுதலை? மறைச்சீங்களா?"

இதற்குப் பதிலை வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தாள். யோசித்ததை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள்.

"மறைக்கலைங்க. எங்க வீட்ல பேச்சுவார்த்தை கிடையாது. இல்லை இல்லைன்னு சொல்லிச் சொல்லி, நெசமாவே இல்லைங்கிற மாதிரி பழகிப் போச்சு. எழுதும்போது கை நின்னுச்சு. அப்பவே கேட்டிருக்கணும். கேட்கலை. தப்பு என்னோடது."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டார்.

"இவங்க சாமான் உங்க கையாலதான் உள்ளே போச்சா?"

"ஆமாங்க. சொல்லாம இருந்தது என் தப்பும்தான். ரெண்டு தடவை சீல் உடைஞ்ச டிரம்மைத் திருப்பி அனுப்பியிருக்கேன். பதிவுல இருக்கு."

மாமனார் இப்போதுதான் திரும்பினார். திருப்பி அனுப்பிய கதையை மகன் அவரிடம் மூச்சுவிடவில்லை என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது.

"சொந்தக்காரருக்குக் காட்டின சலுகை இதானா?" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூடம் சிரித்தது.

அதிகாரி சிரிக்கவில்லை. "திருப்பி அனுப்பினது நல்லது. திருப்பி அனுப்பாம உள்ளே விட்டதையும் நாங்க பார்க்கணும். இனிமே இவங்க சாமானை வேற ஆள் வாங்குவார். பார்த்து முடிக்கிற வரைக்கும் வேலை நிற்கும்."

முதலாளியம்மா தலையாட்டினாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதால் வலிக்காமல் இருக்குமா? நாளைக்கு வேலையாட்களிடம் என்ன சொல்வது என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

டைப்பிஸ்ட் தலையைத் தூக்கினார். "உறவுமுறை என்னன்னு போடறது?"

"என் வீட்டுக்காரரோட தங்கச்சி புருஷன்" என்றாள்.

"அந்தத் தங்கச்சி யாரோட மகள்? தகப்பனார் இருக்காரா? அவர் சொன்னாத்தான் பதிவாகும்."

கூடம் முழுக்கத் தேடியது. தேட வேண்டியதே இல்லை. வெள்ளைச் சட்டையில், பொத்தான் மாறிப் போட்டபடி, அவர் எழுந்து நின்றிருந்தார்.

உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"மைக்குல சொல்லுங்க ஐயா."

யாரோ மைக்கை நீட்டினார்கள். இந்த மைக்கில் தன் பெயரைக் கேட்கத்தான் மனுஷன் இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதைக் கையில் வாங்கி, கட்டை விரலால் தட்டிப் பார்த்தார். வேலை நடக்கும் இடத்தில் எதைக் கொடுத்தாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம்.

"என் மகள்" என்றார்.

ஒலிபெருக்கியில் அது அவர் நினைத்ததைவிடச் சத்தமாகக் கேட்டுவிட்டது. அவரே பயந்துபோன மாதிரி மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். முதலாளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முகவரி?" என்றார் டைப்பிஸ்ட்.

கிழவர் விழித்தார்.

முதலாளியம்மாவுக்கு அந்த முகவரி தெரியும். கதவு எண் தெரியும், மாடிப்படியில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். வாயைத் திறக்கப் போனவள் மூடிக்கொண்டாள். இதை அவள் சொல்லக் கூடாது.

 மாமனார் மெல்லத் திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்தார்.

"வீடு எங்க இருக்கு?"

ஸ்டோர் கீப்பர் தொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, அது வந்து..." என்று தெருவின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்ல வேண்டாம். கூட்டிட்டுப் போங்க." பிறகு அதிகாரியிடம், "நேர்ல பார்த்துட்டு வந்து எழுதித் தர்றேம்மா. பார்க்காம எழுதிக் குடுத்துதான் இவ்வளவு வம்பு."

"நாளைக்குள்ள வேணும் ஐயா."

"இன்னிக்கே போறேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். மருமகளைத் தாண்டும்போது நிற்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. கோபம் தீர்ந்ததா, இனிமேல்தான் ஆரம்பமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கு ஓர் அடி பின்னால் மாப்பிள்ளை, தொப்பியைப் போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனான்.

வேலை நிறுத்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது முதலாளியம்மாவின் போன் அடித்தது. மேனேஜராக இருக்கும் என்று பயந்துகொண்டே எடுத்துப் பார்த்தாள். நாத்தனார்.

"என்ன ஆச்சு அண்ணி? யார் எந்திரிச்சது?"

"நீ உடனே வீட்டுக்குக் கிளம்பு."

"இப்பவா? ஏன்? அவருக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணுமில்லை. முகவரி சரிதானான்னு பார்க்க ஒரு ஆள் வர்றார்."

"யாரு, ஆபீஸ்ல இருந்தா?"

முதலாளியம்மா தாளைத் தள்ளி வைத்தாள். இல்லை என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் ஆடு கத்தும் சத்தம் கேட்டது. "மாடிப்படி ஒண்ணு உடைஞ்சிருக்கு, பார்த்து ஏறச் சொல்லுங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.